நாலு மாடி, ஒரு முழங்கால்

கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. பிடித்தவருக்குத்தான் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஐஸ் தட்டில் தினமும் ஆறு கட்டி குறைகிறதே என்று பாய்லர்காரர் பத்து நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும், பார்த்தால்தான் உண்மை வரும் என்பது அவர் கட்சி. இன்று காலை டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பாதித் தெருவில் திரும்பி, பின்பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார். மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டில் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். முழங்காலில் ஈரத் துண்டு. துண்டுக்குள் அந்த ஆறு கட்டி.

"என்ன பண்ற?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதுக்குள்ள வந்துட்டீங்களா? டீ குடிக்கல?"

"கேட்டதுக்கு பதில்."

"படி ஏறுனேன்."

"மாடியில என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கல. ஏறுனேன், இறங்குனேன். நாலு தடவை."

"எதுக்கு?"

"உடம்புக்கு நல்லதுன்னாங்க."

"யாரு?"

அவள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள், அறுபத்தொரு வயதில், ஒரு காரணமும் இல்லாமல் படி ஏறி இறங்கினாள் என்றால் நம்புவதற்கு அவர் என்ன பச்சைப் பிள்ளையா? ஆனால் முழங்கால் லேசாக உப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் விசாரணை பின்னால் போய்விட்டது.

"வலி இருக்கா?"

"இன்னிக்குத்தான் நாலு தடவை முழுசா ஏறுனேன். கொஞ்சம் இருக்கு. ஐஸ் வச்சா போயிடும்."

"பொணத்துக்கு வைக்கிறது ஐஸு. உசுரோட இருக்கறவ வைப்பாளா? குடு இங்க."

துண்டைப் பிடுங்கி உதறினார். ஆறு கட்டியும் செடித் தொட்டியில் விழுந்தன.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற பெரிய சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தவர் அவர். அவருக்குத் தெரிந்த மருந்து சூடு ஒன்றுதான். சளிக்கு ஆவி. முதுகுக்குச் சுடுதண்ணி. கோபத்துக்குக்கூட நாக்கு பொசுங்குகிற டீ. டாக்டர், மாத்திரை, டிவியில் வந்து சிரித்துக்கொண்டே புத்தி சொல்கிறவன், எவனையும் அவர் நம்பியது கிடையாது.

அவளைத் தாங்கி உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் உட்கார வைத்தார். அடுப்பில் தண்ணீர் ஏற்றினார். தடித்த துண்டை நாலாக மடித்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பிழிந்து, உதறி, முழங்காலில் போட்டார்.

"தாங்குதா?"

"தாங்குது."

சாதாரண ஆள் இத்தோடு நிறுத்தியிருப்பான். பாய்லர்காரர் சாதாரண ஆள் இல்லை. ஒத்தடம் அஞ்சு நிமிஷத்தில் ஆறிப்போனால் அதில் என்ன பிரயோஜனம்? சலவைக்கூடத்தில் ஆவி போகிற குழாய்களுக்கெல்லாம் மேலே கனமாகச் சுற்றிக் கட்டி வைப்பார்கள், சூடு வெளியே கசியாமல் இருக்க. அதில் அவர் கை தேர்ந்த கை. துண்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றினார். அதற்கு மேலே பழைய கம்பளியைக் கிழித்துச் சுற்றினார். அதற்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு ஒரு கட்டு என்று சணல் கயிறு. ஒவ்வொரு முடிச்சையும் சுண்டிப் பார்த்துக்கொண்டார்.

கீழே உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தபோது அவள் தன் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. நிமிரவில்லை.

"இவ்வளவு அக்கறையா என் காலைப் புடிச்சு எத்தனை வருஷமாச்சு?" என்றாள்.

"காலை ஆட்டாத."

சுகமாகத்தான் இருந்திருக்கும். அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, பாய்லர் அழுத்தத்தைப் பார்க்கிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரம்.

பிறகு கட்டைப் பிரித்தார்.

முழங்கால், முழங்காலாக இல்லை. பழுத்த பப்பாளி மாதிரி சிவந்து, பளபளவென்று உப்பியிருந்தது. மூட்டுச் சில்லு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. மறுபடியும் பார்த்தாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ரொம்ப வலிக்குதா? ஏய், சொல்லு."

"வலி கெடக்கட்டும். நாளைக்கு எப்படி ஏறுவேன்?"

"எங்க ஏறணும் நீ?"

"அவ வீட்டுக்கு. நாலாவது மாடி. மாடிக்குப் பதினாறு படி. லிஃப்ட் கிடையாது."

"எவ வீட்டுக்கு?"

அவள் முந்தானையை எடுத்தாள். "நமக்கு எத்தனை பொண்ணு இருக்கா?"

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

பிறகு எல்லாம் வந்தது. ஒன்றரை வருஷமாக அவர் வாசலைத் தாண்டாத சேதி எல்லாம் ஒரே மூச்சில். மகளுக்கு ஏழாம் மாதம். இது டீக்கடைப் பேச்சில் அவர் காதிலும் விழுந்ததுதான். விழாதது, ரெண்டு மாதமாக அவளைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பது. முன்பெல்லாம் மகள் கீழே இறங்கி வருவாள், அம்மாவும் பெண்ணும் எங்காவது கடையில் நின்று பேசிக்கொள்வார்கள். இப்போது அவளால் இறங்க முடியாது, இவளால் ஏற முடியாது. நாளைக் காலை ஆறு மணிக்கு மருமகன் வெளியூர் கிளம்ப வேண்டும். பத்து நாள்.

"பத்து நாளும் தனியா கெடப்பா. ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. அதான் இங்கயே ஏறிப் பழகுனேன். பதினாறு படி, நாலு தடவை. இன்னிக்குத்தான் நிக்காம ஏறி முடிச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? 'அந்த ஐஸ்பெட்டி வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்'னு யாரு சொன்னது? நானா?"

சொன்னது அவர்தான். அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான். மருமகனுக்கு ஒரு கால்பந்துக் குழுவில் வேலை. ஆட்டத்தில் எவனாவது சுருண்டு விழுந்தால் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுவான். 'ஓடுறவனுக்குப் பின்னாடி ஓடுறவன். இதெல்லாம் ஒரு பொழப்பா?' என்று பாய்லர்காரர் கேட்டார். மகள் அவனையே கட்டிக்கொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

கொஞ்ச நேரம் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சுற்றிய கயிறு தரையில் பாம்பு மாதிரி கிடந்தது.

"போனைக் குடு. அவன் நம்பர் எது?"

அவள் தயங்கினாள். "தண்ணி கேன்னு இருக்கும்."

"எது?"

"அந்தப் பேர்ல போட்டு வச்சிருக்கேன்."

தினம் பதினொரு மணிக்குத் தண்ணி கேன்காரன் கூப்பிடுகிறானே, இவளும் அரை மணி நேரம் பேசுகிறாளே, தண்ணியில் பேச அப்படி என்ன இருக்கிறது என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டது ஒன்றா ரெண்டா? முறைத்தார். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரே மணியில் எடுத்துவிட்டான். "சொல்லுங்க அத்தை, இன்னிக்கு நாலு ரவுண்டா?"

"அத்தை இல்ல."

"மாமா?"

"கால் வீங்கிப்போச்சு. வா."

வைத்துவிட்டார்.

இருபது நிமிஷத்தில் பைக் சத்தம். ஒல்லியாக, வெயிலில் கறுத்த ஆள். அந்தப் பெட்டியும் கூடவே வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "வரலாமா மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். அவர் விலகி நின்றார். அதுதான் அவர் அழைப்பு.

அவன் நேராகக் கட்டிலுக்குப் போய்த் தரையில் மண்டி போட்டான். காலைத் தொடவில்லை. முதலில் கேட்டான்.

"எத்தனை மணிக்கு ஏறுனீங்க அத்தை? ஏறும்போது காலு எங்கயாவது பிசகுச்சா? டக்னு சத்தம் ஏதாவது?"

"இல்லப்பா. ஏறி முடிச்சதும் லேசா உப்புச்சு. ஐஸ் வச்சேன்."

"அப்புறம் இவ்வளவு எப்படி?"

"நானேதான் கொஞ்சம் சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தேன். சும்மா இருக்க மாட்டாம."

பாய்லர்காரர் சட்டென்று அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகன் கண் தரையில் கிடந்த கயிற்றின் மேல் போனது. கம்பளி, பிளாஸ்டிக் தாள், நாலு விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு பெண்பிள்ளை தன் காலில் தானே போட்டுக்கொள்கிற முடிச்சா அது? பார்த்தான். கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

பார்த்தும் பாராத மாதிரி இருக்கிறவனை பாய்லர்காரருக்குப் பிடிக்காது. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது.

"நான்தான் சுத்துனேன்," என்றார். "ஒன்றரை மணி நேரம்."

"சரிங்க மாமா."

"சரி இல்ல. தப்பு. தப்புன்னு சொல்லு."

அவன் கையைத் திருப்பி, புறங்கையை முழங்காலின் மேல் லேசாக வைத்தான். பிறகு அதே புறங்கையால் மற்ற முழங்காலைத் தொட்டான். மறுபடியும் இதை.

பாய்லர்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். சூட்டை உள்ளங்கையால் பார்க்கிறவன் பாய்லர் அறையில் ஒரு வாரம் தாங்க மாட்டான். உள்ளங்கை காய்ப்புப் பிடித்துப்போயிருக்கும், பொய் சொல்லும். புறங்கைக்குத்தான் நிஜம் தெரியும். சொல்லிக் கொடுத்து வருகிற பழக்கம் இல்லை அது. ஆயிரம் தடவை தொட்டுப் பார்த்து வருவது.

'அட,' என்று நினைத்துக்கொண்டார். 'இவன் வேலை செஞ்சவன்.'

"சூடு ரொம்ப இருக்கு," என்றான். பெட்டியைத் திறந்தான். ஐஸைப் பையில் போட்டு, மெல்லிய துண்டைச் சுற்றி, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி முழங்காலில் வைத்தான். அடியில் ரெண்டு தலையணை. "பதினஞ்சு நிமிஷம். அதுக்கு மேல வேண்டாம். எடுத்துட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடியும்."

"இதை வச்சா வாதம் வந்துடாதா?" பாய்லர்காரர் விடவில்லை.

"வெறும் ஐஸை நேரா தோல்ல வச்சாத்தான் தோலு பொத்துக்கும். அதுக்குத்தான் துண்டு. சூடும் நல்லதுதான் மாமா. உங்க வைத்தியம் தப்பில்ல, நேரம்தான் தப்பு. காலையில மூட்டு இறுகிக் கெடக்கும், அப்ப சூடு குடுத்தா இளகும். அதுக்கப்புறம் ஏறலாம். ஏறி இறங்கி, வீங்கி, தொட்டா சுடுதுன்னா, அது ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டு இருக்கு."

"பாய்லர்ல ஏறின அழுத்தத்துக்கு மேல எரியற எண்ணெயைத் தொறந்துவிட்ட மாதிரி."

"ஆமாங்க."

"அப்படிச் சொல்லு. புரியற மாதிரி சொன்னா புரிஞ்சுட்டுப் போறேன்."

பெண்டாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "நாளைக்குக் காலையில ஏறிடுவேன்ல?"

மருமகன் தலையணையைச் சரிசெய்தான். "மூணு நாளைக்குப் படியே கூடாது அத்தை. ரெண்டு நாள்ல வீக்கம் வத்தலன்னா டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்."

அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பேசியது உள்ளே கேட்டது. "சார், நாளைக்கு நான் வரல சார். வீட்டுல நிலைமை அப்படி... தெரியும் சார். புரியுது."

திரும்பி வந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் ஒட்டவே இல்லை.

"வேலை போயிடும்டா," என்றாள் அத்தை.

"பாத்துக்கலாம் அத்தை."

பாய்லர்காரர் எழுந்து முன்னறைக்குப் போனார். கைப்பிடி வைத்த மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். அதன் காலை ஆட்டிப் பார்த்தார். முதுகைப் பிடித்து உலுக்கினார்.

"இவளை இதுல உக்கார வச்சு, ஆளுக்கு ஒரு பக்கம் தூக்குனா?"

"நாலு மாடியா?" என்றாள் அவள். "நான் என்ன காஸ் சிலிண்டரா?"

"சிலிண்டர் வாய் பேசாது."

மருமகன் யோசித்தான். "தூக்கிடலாம் மாமா. ஆனா மேல போயும் அத்தை உக்காந்தே இருக்கணுமே. நடந்து செய்யற வேலையெல்லாம்?"

"ஏன், எனக்குக் கால் இல்லியா?"

ரெண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் நாற்காலியைப் பார்த்தார். "அந்த ஆளுக்கு போன் போட்டு, வர்றேன்னு சொல்லு."

போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுக்கல. அப்புறம் போடறேன்."

மத்தியானம் மூன்று மணிக்கு வாடகைக் காரில் போய் இறங்கினார்கள். கீழ்ப்படியில் நின்று பாய்லர்காரர் அண்ணாந்து பார்த்தார். ஒடுக்கமான படிக்கட்டு. சுவரில் கை அழுக்கு.

"நீங்க மேல புடிங்க மாமா. நாற்காலி முதுகைச் சாய்ச்சுக்கிட்டு, பின்னாடியே ஏறணும். கனம் என் பக்கம் வந்துடும்."

"அறுபத்தாறு வயசுன்னு எளக்காரமா?"

"சறுக்குனா நான் அடியில இருப்பேன். அதுக்குச் சொன்னேன்."

அவர் மேல்படிக்குப் போய் நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

"ஒண்ணு, ரெண்டு" என்று அவன் குரல் கொடுக்க, இவர் கால் வைக்க, ஒரு மாடி ஏறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு, அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ரெண்டாவது மாடியில் ஒரு அம்மாள் கதவைத் திறந்து, "ஐயையோ, என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் பெண்டாட்டி நாற்காலியில் இருந்தபடியே. "சுவாமி புறப்பாடு."

"சிரிக்காத. ஆடுது," என்றார் இவர்.

மூன்றாவது மாடி தாண்டியபோது அவர் கை நரம்பெல்லாம் இழுத்தது. கீழே பார்த்தார். அவன் கழுத்து புடைத்து, வேர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை. "இறக்கட்டுமா மாமா? உங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க," என்றான். தனக்கு முடியவில்லை என்று சொல்லவில்லை.

நாலாவது மாடி. கதவைச் சாவியால் திறந்தான். அத்தையைத் தோளில் சாய்த்து, ஒற்றைக் காலில் நடக்கவைத்து உள்ளே கூட்டிப்போனான். காலி நாற்காலியும் பாய்லர்காரரும் வெளியே.

'எனக்குக் கால் இல்லியா' என்று வாய் சொல்லிவிட்டது. கால் நகரவில்லை. வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு, தூசி படிந்து, ரெண்டு மாதமாக யாரும் போடாமல் கிடந்தது. மகளுடையது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்றார்.

உள்ளே "அம்மா!" என்று ஒரு கத்தல். அப்புறம் அழுகை. அப்புறம் சிரிப்பு. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

"இவரு ஒருத்தரேவா உன்னைத் தூக்கிட்டு வந்தாரு?" மகள் குரல். இளைத்திருந்தது.

"கூட ஒரு ஆளு," என்றாள் அம்மா. "கூலி கேக்காத ஆளு."

"எங்க அவரு? தண்ணி குடுத்தீங்களா? பாவம், நாலு மாடி ஏறியிருக்காரு. ஏங்க, உள்ள வரச் சொல்லுங்க. அண்ணே! வெளிய ஏன் நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க அண்ணே!"

பாய்லர்காரருக்கு இருமல் முட்டியது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. இருமிவிட்டார். முப்பத்தொரு வருஷம் புகை தின்ற நெஞ்சு, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு இருமல். உலகத்தில் வேறு எவனுக்கும் அது கிடையாது.

உள்ளே பேச்சு நின்றது.

கட்டில் கிறீச்சிட்டது.

"படு!" என்று அம்மா கத்தினாள். "எழுந்திரிக்காத, படுடி!" மறுபடியும் கட்டில் சத்தம். தரையில் ஒரு கால் ஊன்றுகிற சத்தம்.

பாய்லர்காரர் எப்படி உள்ளே போனார் என்று அவருக்கே தெரியாது. ரெண்டு எட்டில் போய் அவள் ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அறிவிருக்கா உனக்கு? டாக்டர் என்ன சொன்னாரு? படு. கீழ கால வச்ச, தெரியும் சேதி."

டாக்டர் சொன்னதைக் கேளு என்று தன் வாயால் ஒருத்தரிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மகள் படுத்தாள். அவர் மணிக்கட்டைப் பற்றினாள். "அப்பா" என்றுகூடச் சொல்லவில்லை. அவர் புறங்கையைத் தன் வயிற்றின் மேல் வைத்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்து, அவர் கையை இடித்துவிட்டு ஒதுங்கியது.

அந்த நேரம் பார்த்து மருமகனின் போன் அடித்தது. அவன் எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான்.

"சார், நானே கூப்பிட்டேன் சார். வர்றேன்னு சொல்லத்தான்... சார்? வேற ஆளைப் போட்டுட்டீங்களா? எப்ப சார்?"

பேசி முடித்தும் அவன் உள்ளே வரவில்லை.

மகள் காதில் அது விழவில்லை. அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாய்லர்காரர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து போய் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இருந்தது. கையை இழுத்துப் பார்த்தார். அவள் பிடியைத் தளர்த்தவில்லை.